பிளந்து வைத்த ஜாடிகள்

தூத்துக்குடியில் என் வாயிலிருந்து வரும் ஒரு சொல் இன்னமும் ஆட்களைச் சிரிக்க வைக்கிறது. மண்ணெண்ணெய்க் கடையில் நிற்கிறேன். கடைக்காரர் ரெண்டு லிட்டர் போதுமா என்று கேட்கிறார். "ஓம்" என்கிறேன். அவ்வளவுதான். பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்க்கிறார். கடைக்காரர் புனலைப் பிடித்தபடியே அவரிடம், "வேதக்கார வீட்டு ஆளு ஓம் சொல்லுதாரு, கேட்டீரா?" என்கிறார். கழுத்தில் சிலுவை போட்டவன் மந்திரம் சொல்கிறானாம். கொழும்பில் என்னோடு வேலை பார்த்த யாழ்ப்பாணத்தார் வாயிலிருந்து என் வாய்க்கு வந்த சொல் அது. ஆமாம் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளில்லை. இதை அந்தக் கடையில் பலமுறை சொல்லிவிட்டேன். கேட்டுக்கொள்வார்கள். அடுத்த வாரம் மறுபடியும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் ஒருவர் இன்னொருவருக்கு என்னை அறிமுகம் செய்வார்: "நம்ம சிலோன்காரரு." நம்ம என்பதையும் சிலோன்காரர் என்பதையும் ஒரே மூச்சில் எப்படிச் சொல்ல முடிகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கொழும்பில் இருக்கும் சிநேகிதர்களும், என்னைப் போலவே கப்பலேற்றி அனுப்பப்பட்டு நீலகிரித் தோட்டங்களிலும் முகாம்களிலும் கிடக்கிறவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்தே எழுதுகிறேன். நான் பிறந்தது கொட்டாஞ்சேனையில். அப்பா வேம்பாரிலிருந்து மீசை முளைக்காத வயதில் தோணியேறிப் போனவர். கொழும்புத் துறைமுகப் பட்டறையில் மரக்கடைசல் வேலை பார்த்தார். அவருக்குப் பிறகு நான். அங்கே எங்களுக்கு வைத்திருந்த பெயர் உங்களுக்குத் தெரியும், கள்ளத்தோணி. பஸ்ஸில் சொல்வார்கள், சந்தையில் சொல்வார்கள், கோபம் வந்தால் என்னோடு கூடப் படித்தவனே சொல்வான். கடைசியில் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, ஆட்டு மந்தையைப் பங்கு போடுவது போல, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பிரித்துக்கொண்டன. நான் இந்தியாவின் பங்கில் விழுந்தேன். தாயகம் திரும்புகிறாய் என்றார்கள். நான் அதற்கு முன் ஒரு நாள்கூட இருந்திராத ஊருக்குத் திரும்புவது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. மனைவி மேரியோடும் கைக்குழந்தை ஜெசிந்தாவோடும், கழற்றி மூட்டை கட்டிய அப்பாவின் கடைசல் லேத்தோடும் வந்து இறங்கினேன்.

கொழும்பில் சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் பட்டறையிலேயே ஒரு கிளப் நடக்கும். சிங்களவர், யாழ்ப்பாணத்தார், மலாய்க்காரர், பறங்கியர் என்று பத்துப் பதினைந்து பேர். கூலிக்காக இல்லாமல் ஆசைக்காக மரம் கடைவோம். கிண்ணம், குங்குமச் சிமிழ், மெழுகுவர்த்தித் தண்டு, எதுவும். எங்கள் மேஸ்திரியைச் சிங்களத்தில் 'பாஸ் உன்னெஹே' என்று மரியாதையாக அழைப்போம். அவர் மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்துக் குறை சொல்லுவார். வெளியே கள்ளத்தோணி என்று கூப்பிட்டவர்கள்கூட அந்த மேசையைச் சுற்றி நின்றபோது அந்தச் சொல்லை எடுத்ததில்லை. அந்த ஒன்றை மட்டும் இங்கே கொண்டுவந்து நட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

இங்கே புதுத் துறைமுகத்தில் ஒரு காண்டிராக்டரிடம் பிட்டர் வேலை கிடைத்தது. மரத்துண்டு தேடி ஒரு மரக்கடைக்குப் போய்வந்ததில் அதன் முதலாளி ராஜமணி அண்ணாச்சி பழக்கமானார். நான் பூவரசங் கட்டையைத் தட்டித் தட்டிப் பார்த்துப் பொறுக்குவதைக் கண்டு, என்னவே, தேங்காயா வாங்குதீரு என்று கேட்டார். லேத் இருக்கிறது, போட இடமில்லை என்றேன். கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையைத் திறந்துவிட்டார். பக்கத்திலேயே சங்கு குவிக்கும் கிட்டங்கி. அழுகிய சங்குச் சதையின் நாற்றம் எந்நேரமும் வீசும். ஆனாலும் என் ஆயுளில் யாரும் எனக்கு இவ்வளவு சுலபமாக ஒரு இடம் கொடுத்ததில்லை. ஆறு மாதத்தில் அண்ணாச்சியே உளி பிடிக்கக் கற்றுக்கொண்டார். கடைசல் மன்றம் என்று பெயர் வைத்தோம். அவர் தலைவர், நான் செயலாளர். லோபோ என்று ஒரு பெரியவர் வந்தார். கடைசி முத்துச் சலாபத்தில் முத்துக் குளித்தவர், பிறகு தோணியில் மாலுமி, காது பாதி கேட்காது. காயல்பட்டினத்திலிருந்து காதர் என்ற டிராயிங் மாஸ்டர் சைக்கிளில் வருவார். அவர்கள் ஊரில் அண்ணனைச் சொல்வதுபோல என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். இன்னும் ஏழெட்டுப் பேர் வந்தும் போயும் இருந்தார்கள்.

ஒரு மன்றத்தை வருஷம் முழுக்க உயிரோடு வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. ஆட்கள் முதல் மாதம் ஆசையாக வருவார்கள். இரண்டாம் மாதம் உளி மழுங்கியதும் காணாமல் போவார்கள். அதனால் ஒவ்வொரு பருவத்துக்கும் ஏதாவது ஒன்றை வைத்தேன். பொங்கல் கழிந்ததும் தாமிரபரணிக் கரை ஊர்களுக்கு வண்டி கட்டிக்கொண்டு போவோம். வயல்காரர்கள் காற்றில் விழுந்த மருதையும் வாகையையும் விறகாக வெட்டுவதற்கு முன்னால் எங்களுக்கென்று எடுத்து வைத்திருப்பார்கள். மத்தியானம் சோறு போட்டு அனுப்புவார்கள். பச்சை மரத்தை அறுத்து, முனைகளில் மெழுகு பூசி, நிழலில் அடுக்கினால் மாசி மாதம் முடிந்துவிடும். மே மாதம் பம்பரப் போட்டி. ஊர்ப் பிள்ளைகள் நூறு பேராவது வந்து கொட்டகை வாசலில் மொய்ப்பார்கள். சரஸ்வதி பூசையன்று எல்லா உளிகளையும் சாணை பிடித்துக் கழுவி ஒரே பலகையில் வைப்போம். அண்ணாச்சி சந்தனம் வைப்பார், காதர் கடலைப் பருப்பு சுண்டலை ஒரு கை பார்ப்பார். டிசம்பரில் குடில்களுக்கு ஆட்டிடையர் பொம்மைகளும் மெழுகுவர்த்தித் தண்டுகளும். இவற்றுக்கெல்லாம் நடுநாயகம் ஆகஸ்ட் மாத மாதா கோவில் திருவிழாவில் நாங்கள் போடும் கண்காட்சிதான். பத்து நாளும் தேரோடும் தெருவில் பந்தல் போட்டு, வருஷத்தின் வேலையை ஜனங்கள் முன்னால் வைப்போம்.

எமர்ஜென்சி வந்ததற்கு அடுத்த வருஷக் கண்காட்சிக்குக் குடைசல் ஜாடி என்று முடிவு செய்தோம். வாய் ஒரு விரல் நுழையும் அளவே இருக்க வேண்டும். உள்ளே வளைந்த உளியை விட்டு, கண்ணால் பார்க்காமல், சத்தத்தை மட்டும் கேட்டு, வயிறு முழுவதையும் குடைந்து எடுக்க வேண்டும். சுவர் முட்டை ஓடு போல ஆகும்வரை போகலாம். ஒரு மயிரிழை கூடினால் ஜாடி வெடித்துப் போகும். லோபோவுக்குச் சத்தம் கேட்காது. அவர் ஜாடியின்மேல் இடது கையை வைத்து அதிர்வை வைத்தே குடைந்தார். அவர் செய்த பூவரசு ஜாடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மரத்தினூடே வெளிச்சம் சிவப்பாகத் தெரியும். காதர் மூன்று ஜாடிகளை உடைத்துவிட்டு நாலாவதில் ஜெயித்தார். அண்ணாச்சி ஒரு வேப்பமர ஜாடி செய்தார். கொஞ்சம் கோணல்தான். ஆனால் அதைத் தன் கடைக் கல்லாவில் வைத்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிவிட்டுத்தான் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். ஜூலைக்குள் பத்துப் பன்னிரண்டு ஜாடிகள் அலமாரியில் நின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜீப் வந்தது. அப்போது கடற்கரை முழுக்கக் கடத்தல் சோதனை நடந்துகொண்டிருந்தது. ராத்திரி தோணியில் கிராம்பும் துணியும் தங்கமும் வருகின்றன என்று யார் யாரையோ பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர் எப்போது வருவார் என்று கேட்க நாதியில்லை. ஜீப்பிலிருந்து போலீஸ்காரர்கள் நாலு பேர் இறங்கினார்கள். அவர்களில் அதிகாரி என்று தெரிந்த ஒருவர் கொட்டகைக்குள் வந்து, "இங்க சிலோன்காரன் யாரு?" என்று கேட்டார். மன்றத்துக்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மர ஜாடியில் வைத்துத் தங்கம் கைமாறுகிறது என்று அவர்களுக்குத் தகவலாம். ஒரு ஜாடியை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினேன். கொஞ்சம் மரத்தூள் விழுந்தது. குலுக்கிக் காட்டினேன். உள்ளே விரலை விட்டுப் பார்க்கச் சொன்னேன். அவருடைய தடித்த விரல் நுழையவில்லை. உள்ளே இவ்வளவு இடம் இருக்கிறது, வாய் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது, எதை ஒளிக்க என்று கேட்டார். அதுதான் சார் வேலைப்பாடு என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. விளங்கவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. வெட்டிப் பார் என்று கூட வந்தவரிடம் சொன்னார். வெட்டுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது, அண்ணாச்சி கடைக்குள் போய்க் கோடாலியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

முட்டை ஓட்டை உடைக்கக் கோடாலி. முதல் வெட்டிலேயே லோபோவின் பூவரசு ஜாடி இரண்டாகப் போயிற்று. உள்ளே ஒன்றுமில்லை. அடுத்தது. அதிலும் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. வரிசையில் இருந்த எல்லாவற்றையும் பிளந்தார்கள். நடுவில் அதிகாரி திரும்பி, இந்த இடம் யாருடையது, சங்கத்துக்குத் தலைவர் யார் என்று கேட்டார். பெயர்ப்பலகையிலேயே அண்ணாச்சியின் பெயர் இருந்தது. அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்:

"எடம் குடுத்தோம், மரம் குடுத்தோம், அவ்வளவுதான் சார். சங்கம் அவரோடது. சிலோன்ல இருந்து அவரு என்ன கொண்டாந்தாருன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

லோபோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காதர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை ஜீப்பில் ஏற்றும்போது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பயம், எனக்குத் தெரியும். அந்த நாட்களில் காதர் வீட்டில் துபாய்க்குப் போன தம்பியின் டேப் ரிக்கார்டருக்குக்கூடத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பயந்தவன் சும்மா இருக்கலாம். கோடாலி எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

ஸ்டேஷனில் ஒருவர் என்னிடம் சொந்த ஊர் எது என்று கேட்டார். கொழும்பு என்றேன். அப்பா ஊர்? வேம்பார். "அப்ப வேம்பார்னு சொல்ல வேண்டியதுதானே. எதுக்குக் கொழும்புன்னு சொல்லுத?" என்று அதட்டினார். சரி, வேம்பார் என்றேன். வேம்பாரில் யார் இருக்கிறார்கள் என்றார். யாருமில்லை என்றேன். "அப்ப எப்படிவே அது உன் ஊராவும்?" என்றார். அந்த மேசைக்கு முன்னால் நான் எந்தப் பதிலைச் சொன்னாலும் அது பொய்யாகத்தான் இருந்திருக்கும். அங்கே கள்ளத்தோணி என்று சொல்லித் துரத்தினார்கள். இங்கே தோணியில் கள்ளச் சரக்கு கொண்டுவந்தவன் என்று சொல்லிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு மனிதனை இரண்டு கரையிலும் ஒரே வசவால் அடிக்க முடியும் என்பதை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். வெளியே டீக்கடையில் சிலோன் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் சிலோன் ரேடியோ கேட்காத வீடு கிடையாது. அங்கிருந்து வரும் பாட்டு மட்டும் இவர்களுக்கு இனிக்கும்.

மறுநாள் சாயங்காலம் போகச் சொன்னார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லக்கூட இல்லை. ஜாடிகளைப் பற்றிக் கேட்டேன். இங்கு இருக்க விட்டிருப்பதே பெரிது என்றார் ஒருவர். வீட்டுக்கு வந்தபோது மேரி அழுது முடித்து, கொட்டகைக்குப் போய், பிளந்த துண்டுகளையெல்லாம் ஒரு பிரப்பங்கூடையில் பொறுக்கிக் கொண்டுவந்து வைத்திருந்தாள். ஒவ்வொரு ஜாடியின் இரண்டு பாதிகளையும் பொருத்தி நூலால் கட்டியிருந்தாள். அந்த வேலையை மன்றத்தில் ஒருவருக்கும் செய்யத் தோன்றவில்லை.

திருவிழாக் கொடியேற இரண்டு வாரம் இருக்கையில் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார், நானும் உள்ளே வரச் சொல்லவில்லை. நடந்தது நடந்துபோயிற்று என்றார். இந்த வருஷம் ஜாடி வேண்டாம், வீட்டுக்கு உபயோகமான பூரிக்கட்டை, மத்து, தொட்டில் கம்பு வைத்தால் போதும், நாலு பேர் பார்வைக்கு மன்றம் நடக்கிற மாதிரி இருக்கும் என்றார். ஜாடிதான் வைப்பேன் என்றேன். எல்லாம் உடைந்துவிட்டதே என்றார்.

"ஒடஞ்சத வைக்கிறேன் அண்ணாச்சி. செஞ்சவங்க பேரு போட்டு வைக்கிறேன். உங்க பேரும் போடுவேன்."

அவர் முகம் மாறியது. "நான் புள்ளகுட்டிக்காரன்வே" என்றார். நானும் அப்படித்தான் என்றேன். அவர் வாசலிலிருந்து அப்படியே திரும்பிப் போனார்.

பந்தல் போட்டேன். நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு ஜாடியின் இரண்டு பாதிகளையும் வயிறு மேலே தெரியும்படி மல்லாத்தி வைத்தேன். கோடாலிபட்ட இடத்தைத் தேய்க்கவில்லை, ஒட்டவில்லை. முன்னால் ஒரு சீட்டில் மரத்தின் பெயரும் செய்தவர் பெயரும். வேறொன்றும் எழுதவில்லை. எழுத முடியாத காலம் அது. ஜனங்கள் வந்தார்கள். முதல் நாளே ஒரு வாத்தியார் குடும்பம் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "இப்படி வெட்டி வச்சாத்தான் உள்ள எவ்வளவு மெலிசுன்னு தெரியுது. நல்ல யோசனை" என்று என்னைப் பாராட்டியது. ஒரு கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா, இப்படிப் பாதிப் பாதியாகச் செய்து கொடுத்தால் சுவரில் மாட்ட வாங்கிக்கொள்கிறேன் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையைக் கவிழ்த்திருப்பேன். மேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகையைக் காட்டினால் அலங்காரம் என்கிறார்கள், இவர்களிடம் எந்தப் பாஷையில் பேசுவது என்று அன்றைக்கு அவளிடம் கத்தினேன்.

நாலைந்து நாள் மன்றத்து ஆட்கள் ஒருவரும் பந்தல் பக்கம் வரவில்லை. ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் வேப்பமர ஜாடிக்கு முன்னால் இருந்த சீட்டைக் காணோம். அண்ணாச்சியின் கடைப்பையன்கள் யாராவது எடுத்திருக்கலாம், அவரே எடுத்திருக்கலாம். ஜாடியை எடுக்கவில்லை, பெயரை மட்டும் எடுத்துப் போயிருந்தார்கள். நான் வேறு சீட்டு எழுதி வைக்கவில்லை. பெயரில்லாமலே அது கிடந்தது.

தேரோட்டத்துக்கு முந்தின சாயங்காலம், தெருவில் கால் வைக்க இடமில்லாத கூட்டத்தில், லோபோ வந்தார். வெள்ளை வேட்டி, கோவிலுக்கு உடுத்தும் சட்டை. தன் ஜாடியின் ஒரு பாதியைக் கையில் எடுத்துக்கொண்டு மேசைக்கு இந்தப் பக்கம், எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு பெண் இது என்ன மரம் என்று கேட்டாள். காது கேட்காதவர்கள் பேசுவதுபோல அவர் உரக்கப் பேசினார். பந்தல் முழுக்கக் கேட்டது.

"பூவரசு தாயி. நான் செஞ்சது. தங்கம் இருக்குன்னு சொல்லிக் கோடாலி போட்டுப் பொளந்தானுவ. இவருதான் கொண்டாந்தாருன்னு சொன்னானுவ. நான் பக்கத்துலதான் நின்னேன். வாயத் தொறக்கல."

கூட்டத்தில் சிலர் மெல்ல நகர்ந்தார்கள். ஒருவர் அவரை அதட்டி, இதெல்லாம் பேசாதீரும் பெரியவரே என்றார். அவர் காதில் விழவில்லை, அல்லது விழாததுபோல் இருந்தார். அடுத்து வந்தவரிடமும் அதையே சொன்னார். அதற்கு அடுத்தவரிடமும். பந்தல் பிரிக்கும்வரை சொன்னார். காதர் கடைசி நாள் வந்தார். பிளந்த ஜாடிகளைத் துணியில் சுற்றிச் சைக்கிளில் கட்டி என் வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார். நான் அவர்களை மன்னித்தேனா என்று கேட்காதீர்கள். பக்கத்தில் நின்றவரோடு சேர்ந்து நிற்க முடிந்தது. அவ்வளவுதான்.

திருவிழா முடிந்த வாரமே, மரம் அடுக்கக் கொட்டகை வேண்டும் என்று அண்ணாச்சியிடமிருந்து ஆள் வந்தது. லேத்தை மறுபடியும் கழற்றினேன். என் வீட்டுப் பின்பக்கம் ஓலைச் சார்ப்பு இறக்கி, அதன் கீழே அதைத் திரும்பப் பூட்டினேன். மன்றத்தில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களை வைத்து அந்த வருஷ டிசம்பர் பொம்மைகளைச் செய்தோம், தையில் ஆற்றங்கரைக்குப் போனோம், மே மாதம் பம்பரம் விட்டோம். லோபோ இப்போது தலைவர். எமர்ஜென்சி முடிந்தபோது, அன்றைக்கு நான் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர் என்று அண்ணாச்சி ஒருவரிடம் சொல்லியனுப்பினார். தேர்தல் முடிவு வந்த பிறகு எல்லாருக்கும் தைரியம் வந்துவிட்டது. தெருவில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுகிறார். நான் திருப்பிக் கும்பிடுவதில்லை. மேரி இதைப் பிடிவாதம் என்கிறாள். இருக்கட்டும்.

எமர்ஜென்சி முடிந்த வருஷ ஆகஸ்டில் தோணிக்காரர்கள் வந்து, சிலோனில் மறுபடியும் கலவரம், நம் ஆட்களின் வீடுகள் எரிகின்றன என்று சொன்னார்கள். கொட்டாஞ்சேனையில் நான் விட்டுவந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று நெடுநாள் தெரியாமல் கிடந்தேன். இங்கே ஆளுக்கு ஆள் வந்து, "நல்லவேளை, நீரு முன்னாடியே வந்துட்டீரு" என்றார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். அதைக் கேட்கத்தான் என்னால் முடியவில்லை. நான் தப்பி வந்தவன் என்று இவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். எதிலிருந்து, எதற்குள் என்று யாரும் கேட்கவில்லை.

கொழும்பில் கடல் மேற்கே. வேலை முடிந்து கடற்கரைக்குப் போனால் சூரியன் தண்ணீருக்குள் இறங்கும். கடல் என்றால் எனக்கு அந்த நேரம்தான். இங்கே கடல் கிழக்கே. இத்தனை வருஷம் ஆகியும் என் கால் சாயங்காலமானால்தான் கடற்கரைக்குப் போகிறது. போய் நின்றால் முன்னால் தண்ணீர் ஏற்கெனவே கறுத்துக் கிடக்கும். வெயில் முழுவதும் எனக்குப் பின்னால், ஊருக்கு மேலே, உப்பளத்துப் பக்கம் இருக்கும். போன வாரம் ஜெசிந்தா கூட வந்தாள். அவளுக்குப் பேச்சும் விளையாட்டும் சண்டையும் எல்லாம் இந்த ஊர்ப் பேச்சுதான். அவள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எப்பா, அங்கன என்னத்தப் பாக்கீங்க? சூரியன் இங்கனல்லா இருக்கு" என்றாள். அவள் முகம் முழுக்கச் சிவப்பு வெளிச்சம். வாரேன் என்றேன். முதுகில் வெயில் சுட்டுக்கொண்டிருந்தது. நான் திரும்பாமல் இருட்டிய தண்ணீரைப் பார்த்து நின்றேன். அவள் என் சட்டையை விடவில்லை.